உள்ளே விழுகிற தூசி

சனிக்கிழமை காலை பத்தரை மணி. இருபத்திரண்டாவது தகட்டை நுண்ணோக்கியின் அடியில் வைத்து, ஹைட்ரஜன் கோட்டின் ஓரத்தைக் குறுக்குக் கம்பியோடு பொருத்தி, அளவைப் படிக்க இயற்பியல் விரிவுரையாளர் பிளாரன்ஸ் குனிந்திருந்தபோது அருணாசலவடிவு வந்து கதவருகே நின்றாள். தூத்துக்குடியின் அந்தப் பெண்கள் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்துக்குப் பதின்மூன்று வருடமாக உதவியாளராக இருப்பவள். மிஸ் நுண்ணோக்கியில் குனிந்திருக்கும்போது பேசக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குப் பேசினாள்.

“மிஸ், பின் கேட்டுல ஒங்க தம்பி நிக்காவ. சட்டையெல்லாம் ரத்தமா இருக்கு.”

பிளாரன்ஸ் அளவை நோட்டில் எழுதினாள். புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம். எழுதி முடித்த பிறகுதான் எழுந்தாள். அந்த நாளை எப்போது நினைத்தாலும், பின்னால் நடந்த பெரிய காரியங்களுக்கெல்லாம் முன்னால் இதுதான் அவளுக்கு ஞாபகம் வரும். தம்பி மேல் ரத்தம் என்று கேட்ட பிறகு ஓர் எண்ணை எழுதியிருக்கிறோம் என்பது.

மேசைமேல் மரப்பெட்டி திறந்திருந்தது. உள்ளே வெட்டிய காடிகளில் கண்ணாடித் தகடுகள் வரிசையாக நின்றன, நுண்ணோக்கியில் இருந்ததையும் சேர்த்து முப்பத்திநான்கு. ஒவ்வொன்றும் விரல் நீளம், இரண்டு விரல் அகலம். ஒவ்வொன்றிலும் ஒரு நட்சத்திரத்தின் ஒளி நிறம் நிறமாகப் பிரிந்து, ஒரு கறுத்த கீற்றாகப் பதிந்திருந்தது. வடக்கே மலைமேல் இருந்த வானாய்வுக்கூடத்தில் இரண்டு மார்கழி விடுமுறைகளைக் கழித்து, பேராசிரியர் மஹ்மூதுவின் குழுவோடு அவள் எடுத்தவை. எல்லாம் இளம் நட்சத்திரங்கள். நம் சூரியனைவிடச் சற்று எடை குறைந்தவை. பிறந்து பத்து லட்சம் வருடம்கூட ஆகாதவை. எந்த மேகத்திலிருந்து பிறந்தனவோ அதன் மிச்சம், வாயுவும் தூசியுமாக, இன்னும் அவற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மிச்சம் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. நட்சத்திரம் அதை ஊதி வெளியே தள்ளிவிடுகிறது என்று மஹ்மூது பத்து வருடமாகச் சொல்லிவந்தார். இல்லை, அது தட்டு மாதிரிப் பரந்து சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விழுகிறது, நட்சத்திரம் அதைத் தின்றுதான் வளர்கிறது என்று வெளிநாட்டில் சிலர் எழுத ஆரம்பித்திருந்தார்கள். கீற்றில் ஹைட்ரஜன் கோட்டை ஒட்டி வெளுப்பாக ஒரு வெட்டு தெரியும். அது ஊதாப் பக்கம் இருந்தால் வாயு வெளியே வருகிறது என்று அர்த்தம். சிவப்புப் பக்கம் இருந்தால் உள்ளே விழுகிறது. ரிஷப ராசிப் பக்கத்து நட்சத்திரம் ஒன்றின் ஐந்து தகடுகளில் வெட்டு சிவப்புப் பக்கம் இருந்தது. விநாடிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏதோ ஒன்று அந்த நட்சத்திரத்தின்மேல் போய் விழுந்துகொண்டிருந்தது. பிளாரன்ஸ் மூன்று முறை அளந்து பார்த்துவிட்டாள். மஹ்மூதுவுக்கு இன்னும் எழுதவில்லை. எல்லாத் தகடுகளையும் முடித்துவிட்டு எழுதலாம் என்று வைத்திருந்தாள்.

வளன் பின் கேட்டின் வேப்பமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கை முழங்கையிலிருந்து விரல்வரை வெந்து தோல் சுருண்டிருந்தது. நெற்றியில் கல் பட்டுப் பிளந்திருந்தது. பக்கத்தில் போனால் டீசலும் கருகிய மயிரும் நாறின. இருபத்தைந்து வயது. அரசாங்கப் பயிற்சி நிலையத்தில் எஞ்சின் வேலை படித்துவிட்டு மூன்று வருடமாகத் தூத்துக்குடியில், லாஞ்சி என்கிற மீன்பிடி விசைப்படகு ஒன்றுக்கு டிரைவர். சாப்பாடும் படுக்கையும் அக்காள் வீட்டில்.

ஆய்வகத்துக்கு அடுத்தது படிப்படியாக உயரும் பெரிய வகுப்பறை. அந்தப் படிகளுக்கு அடியில் படம் கழுவும் இருட்டறை இருந்தது. பலகையோடு பலகையாக அதன் கதவு இருப்பது பழகியவர்களுக்குத்தான் தெரியும். அவனை அங்கே கூட்டிப்போய், முதலுதவிப் பெட்டியிலிருந்த களிம்பை எடுத்தாள். அருணாசலவடிவு டாக்டரைக் கூட்டிவரப் போனாள்.

“என்னல நடந்துச்சு?”

“ஆலந்தலைக்கு நேரா மடி வலை இழுத்துட்டு இருந்தோம்.”

“எவ்வளவு தூரத்துல?”

“கோயில் தெரியுத தூரம்தான். றாலு அங்கனதான் கெடக்குன்னு மொதலாளி சொல்லிட்டாரு.”

ஆலந்தலை அவர்கள் ஊர். அக்காள், தம்பி இரண்டு பேரும் பிறந்த வீட்டில் மூத்த அண்ணன் சிலுவை இன்னும் இருந்தான். அப்பா கடலோடு போன பிறகு பதினேழு வயதில் வள்ளம் ஏறி, தங்கையை எம்.எஸ்ஸி. வரையும் தம்பியைப் பயிற்சி நிலையம் வரையும் கொண்டுவந்தவன். கரையிலிருந்து மூன்று மைலுக்குள் லாஞ்சிகள் வரக்கூடாது என்று பேச்சு. அந்த 1977ஆம் வருடம் ஆடி தொடங்கி ஆவணிக்குள் நாலு தடவை வந்து, வள்ளக்காரர்கள் விரித்திருந்த வலைகளை அறுத்துப் போயிருந்தன. மூன்றாவது தடவை அறுந்தது சிலுவையின் வலை. அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை.

“நாப்பது வள்ளம் இருக்கும்க்கா. விடியும்போதே சுத்தி வளைச்சிட்டானுவ. மொதல்ல கல்லு. பெறவு மண்ணெண்ணெத் துணி. கேபின்ல தீ புடிச்சிட்டு. மத்தவனெல்லாம் குதிச்சிட்டான். நான் எஞ்சினக் கூட்டி வெளிய வரப் பாத்தேன். முன்னால ஒரு வள்ளம் நின்னுச்சு.”

“நின்னுச்சா?”

“லாஞ்சி அது மேல ஏறிட்டு.”

“அதுல யாரு?”

“தெரியல. ஒரே பொகை. பெறவு நானும் குதிச்சிட்டேன். வேற லாஞ்சிக்காரன் தூக்கிட்டு வந்தான்.”

வெந்த கையில் களிம்பு பட்டதும் அவன் பல்லைக் கடித்தான். கண்ணில் நீர் வழிய, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“பவுலு மச்சானுக்கு நல்லா நீச்சத் தெரியும்லா.”

பிளாரன்ஸின் விரல் நின்றது. அவன் திரும்பவில்லை. தான் சொன்னதை அவன் கேட்டதாகவே தெரியவில்லை. அவள் மறுபடி களிம்பைத் தடவ ஆரம்பித்தாள். ஏன் அவன் பெயரைச் சொன்னாய் என்று கேட்டிருந்தால் வளன் சொல்லியிருப்பான். சொல்லிவிடுவான் என்று தெரிந்ததால்தான் அவள் கேட்கவில்லை.

பவுல், சிலுவையின் மனைவி ஆக்னஸுக்குத் தம்பி. பிளாரன்ஸுக்கு இருபது வயதாகும்போது அவனுக்குத்தான் அவளைக் கொடுப்பதாக இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். மேலே படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னதும் வீடு இரண்டுபட்டது. பவுல் மட்டும் ஒன்றும் சொல்லாமல் அவளுடைய தகரப் பெட்டியைத் தலையில் வைத்துத் திருச்செந்தூர் பஸ் நிலையம் வரை சுமந்துவந்து ஏற்றிவிட்டான். பிறகு வேறு இடத்தில் பெண் கட்டி, அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருந்தன.

பதினொன்றரைக்கு முன்வாசலில் லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வாட்ச்மேன் கத்தினான், பிறகு கத்தவில்லை. பிளாரன்ஸ் இருட்டறைக் கதவை வெளியே தாழிட்டுவிட்டு, ஆய்வகத்துக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். விடுமுறை நாள் என்பதால் அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இல்லை.

ஏழு பேர். கையில் துடுப்பு, மீன் வெட்டுகிற கத்தி. கட்டியிருந்த சாரமெல்லாம் நனைந்து, நடந்த இடமெல்லாம் சிமென்ட் தரையில் ஈரக்கால். அவர்களுக்கு நடுவில் சிலுவை வெறுங்கையோடு வந்தான். அவன் பனியனின் முன்பக்கம் முழுக்க ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. அவன் உடம்பில் காயம் எதுவும் இல்லை.

“ஏளா, வளன் எங்க?”

“இங்க வரலண்ணே.”

“பவுலு செத்துட்டான்.”

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நான்தான் வள்ளத்துல தூக்கிப் போட்டேன். வயித்துக்குக் கீழ ஒண்ணும் இல்ல. லாஞ்சி விசிறி அறுத்துட்டு.” சாதாரணமாகப் பேசுகிற குரலில்தான் சொன்னான். “துடுப்பத் தூக்கிக் காட்டுனான். ஏலே வளனே, நான்தாம்லன்னு கத்துனான். நான் பத்துப் பாகத் தூரத்துலதான் நிக்கேன், எனக்குக் கேட்டுச்சு. அவனுக்குக் கேக்காதா? மூஞ்சியப் பாத்துதான் ஏத்திருக்கான்.”

“அந்த எஞ்சின் சத்தத்துல எப்படிண்ணே...” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

சிலுவை அவளையே பார்த்தான். “அப்போ ஒங்கிட்டப் பேசிட்டான். இங்கனதான் கெடக்கான்.”

மற்றவர்கள் கட்டடம் முழுக்கத் தேடினார்கள். பீரோக்களைத் திறந்தார்கள், பேட்டரி அலமாரியைக் கவிழ்த்தார்கள், வகுப்பறைப் படிகளில் ஏறி இறங்கினார்கள். அமிலம் கொட்டிய நெடி வந்தது. ஒருவன் மரப்பெட்டியை என்னவென்று பார்க்கத் தூக்கினான்.

“அதத் தொடாதீங்க.”

அவ்வளவு நேரம் பிளாரன்ஸிடமிருந்து வராத குரல் அது. சிலுவை போய் அந்தப் பெட்டியை அவனிடமிருந்து வாங்கினான்.

அது என்னவென்று அவனுக்குத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு அவள் ஊருக்குப் போயிருந்தபோது, வீட்டில் மற்ற எல்லாரும் எழுந்துபோன பிறகும் உட்கார்ந்து முழுக்கக் கேட்டவன் அவன் ஒருவன்தான். அந்தத் தூசியெல்லாம் கடைசியில என்னதான் ஆவும் என்று கேட்டான். கொஞ்சம் உள்ள விழும், கொஞ்சம் வெளிய போவும், மிச்சம் கெட்டிச்சா நம்ம பூமி மாதிரி ஆவும் என்று அவள் சொன்னாள். எத்தனை வருசம் பிடிக்கும் என்று கேட்டான். ஒரு கோடி இருக்கும் என்றாள். அதுவரைக்கும் ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கிட்டுக் கெடக்குமாக்கும் என்று சிரித்தான். மலைமேல் குளிருமே என்று, அதற்கு முந்தின வருடம் தன் கம்பளியைக் கொடுத்தனுப்பியவனும் அவன்தான்.

முதல் தகட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான்.

“வளன் எங்க?”

அவன் கையை விட்டான். தகடு பெரிய சத்தம் எதுவும் போடவில்லை. ஒரு தம்ளர் உடைகிற அளவுக்குக்கூட இல்லை.

இரண்டாவதை எடுத்தான். “வளன் எங்க?”

ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை கேட்டான். ஒவ்வொரு தடவையும் பதிலுக்குக் காத்திருந்தான். அவசரப்படவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழாவது வந்தது. ஏழிலிருந்து பதினொன்று வரை ரிஷபத்து நட்சத்திரம். வாய் திறந்துவிட்டது. இருட்டறைக்குள் இருப்பவனை இவர்கள் என்ன செய்வார்கள் என்பது கத்திகளைப் பார்த்தாலே தெரிந்தது. அப்படியும் வாய் திறந்துவிட்டது. ஒரு கணம் அவள் தம்பியையும் அந்தக் கண்ணாடியையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தாள். அப்படிப் பார்த்தது மற்ற யாருக்கும் தெரியாது. பிறகு வாயை மூடிக்கொண்டாள். ஏழு விழுந்தது. எட்டு விழுந்தது. ஒன்பதைச் சிலுவை சற்று நேரம் வைத்திருந்தான். அதுவும் விழுந்தது. அவன் காலில் சில்லு ஏறி ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

பதினைந்தாவது உடைந்தபோது வகுப்பறைப் பக்கம் பலகை பிளக்கும் சத்தம் கேட்டது. பிறகு வாசலில் வளன் நின்றான். களிம்பு பூசிய கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான்.

“போதும்ணே. அக்கா சாமான ஒடைக்காத.”

முதல் துடுப்பு அவன் காலில் விழுந்தது. அவன் மண்டியிட்டதும் மற்றவை முதுகில் விழுந்தன. யாரும் கத்தவில்லை. மரம் உடம்பில் படுகிற சத்தமும், அடிக்கிறவர்கள் மூச்சு வாங்குகிற சத்தமும்தான். வெந்த கையை ஒருவன் மிதித்தபோது வளன் மட்டும் ஓர் ஓலம் எழுப்பினான். சிலுவை மற்றவர்களை விலக்கிவிட்டு முன்னால் வந்தான். தம்பியின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து, நிமிர்த்தி, மேசையின் கல் விளிம்பில் முகத்தை மோதினான். ஒரு தடவை. இரண்டு தடவை. இடது கண் இருந்த இடம் உள்ளே போயிருந்தது. மூன்றாம் தடவைக்கு இழுத்தபோது பிளாரன்ஸ் மேசைமேல் இருந்த இரும்புத் தாங்கியை எடுத்தாள். குடுவைகளைப் பிடித்து நிறுத்துகிற, கனத்த அடிப்பாகமுள்ள தாங்கி. அதன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து அண்ணனின் தோளில் இறக்கினாள்.

காறை எலும்பு முறிந்தது அவள் கைக்கே தெரிந்தது. சிலுவையின் வலது கை தொங்கியது. அவன் தம்பியை விட்டுவிட்டுத் திரும்பி, யார் அடித்தது என்று தெரியாதவன் மாதிரி அவளைப் பார்த்தான். அவனால் இனி யாரையும் எதுவும் செய்ய முடியாது. அவள் அதைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்த பிறகுதான் இரண்டாவது தடவை ஓங்கினாள். அது காதோடு சேர்த்துத் தலையின் பக்கவாட்டில் பட்டது. அவன் கண்ணாடிச் சில்லுகளின்மேல் குப்புற விழுந்தான்.

அருணாசலவடிவு போலீஸோடுதான் திரும்பி வந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பவுலை அடக்கம் செய்தார்கள். போக வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள். பிளாரன்ஸ் போனாள். சவப்பெட்டியை மூடிவைத்திருந்தார்கள். பவுலின் இரண்டு பெண்களும் புதுச் சப்பாத்து போட்டு, அது கடிக்கிறது என்று காலை மாற்றி மாற்றி நின்றன. கோயில் முற்றத்தில் கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. மரியாதைக்கு வழிவிட்டதா, தொடக்கூடாது என்று விலகியதா என்று அவள் யோசிக்கவில்லை. ஆக்னஸ் நேராக வந்து அவள் கன்னத்தில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் சேலையில் சொட்டியது. பிளாரன்ஸ் கையைத் தூக்கவில்லை.

“எந்தம்பிய ஒந்தம்பி கொன்னான். எம்புருசன நீ அடிச்சிப் போட்ட,” என்றாள் ஆக்னஸ். “இன்னும் ஒங்க வீட்டுல யாரு பாக்கி இருக்கீய? வரச்சொல்லு.”

அடுத்த தெருவரை கேட்டிருக்கும். யாரும் வந்து பிடிக்கவில்லை. பிளாரன்ஸ் அங்கேயே நின்று பாடல் முடிகிறவரை இருந்து, மண் போட வரிசையில் கடைசியாகப் போய்ப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

சிலுவையையும் வளனையும் ஒரே வார்டில் போட்டிருந்தார்கள். நாலு கட்டில் இடைவெளி. நடுவில் ஒரு பெஞ்சில் போலீஸ்காரர். வளனுக்கு இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். சிலுவையின் வலது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எலும்பு சேர்ந்தாலும் பழையபடி துடுப்பு வலிக்க முடியாது என்று டாக்டர் அவளிடம் இங்கிலீஷில் சொன்னார். வலது காதில் கேட்கவும் இல்லை. இரண்டு தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோனாள். வளன் குடித்தான். சிலுவை குடிக்கவில்லை. அவள் வைத்ததை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை பிரின்சிபால் அறையில் வைத்து இன்ஸ்பெக்டர் விசாரித்தார். வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர். மேசைமேல் செய்தித்தாளில் கண்ணாடிச் சில்லுகளை மடித்து வைத்திருந்தார்கள். அது அரசாங்கச் சொத்து என்பதால் சிலுவைமேல் அதற்கும் ஒரு பிரிவு உண்டு என்றார்.

“உங்க தம்பி உங்ககிட்ட என்ன சொன்னார்? யோசிச்சுச் சொல்லுங்க மேடம். தெரியாம ஏறிடுச்சுன்னா கேஸ் வேற. ஆளைத் தெரிஞ்சே ஏத்துனார்னா கேஸ் வேற. நீங்க சொல்றதுலதான் இருக்கு.”

அவர் வழி காட்டுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஒரே ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டால் போதும். அந்த வாக்கியம் இருட்டறைக்குள் அவளும் வளனும் மட்டும் இருந்தபோது சொன்னது. சொன்னவனுக்கே அது நினைவிருக்குமா என்பது சந்தேகம். இரண்டு இரவும் பகலும் அவள் அதை மனதில் புரட்டிப் பார்த்திருந்தாள். பவுல் துடுப்பைத் தூக்கிக் காட்டி, நான்தான் என்று கூப்பிட்டிருக்கிறான். நான்தான் என்று சொன்னால் போதும், வளன் எஞ்சினை நிறுத்திவிடுவான் என்று நம்பியிருக்கிறான். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவளால் அதற்குமேல் நினைக்க முடியவில்லை.

சொன்னாள். லாஞ்சி எந்த இடத்தில் நின்றது என்பதை, இறாலுக்காக முதலாளி அனுப்பியதை, மண்ணெண்ணெய்த் துணியை, பவுல் மச்சானுக்கு நீச்சல் தெரியும்லா என்று வளன் கேட்டதை. தான் அவனை ஒளித்துவைத்ததை. சிலுவை தகடுகளை எந்த வரிசையில் உடைத்தான் என்பதை. தன் முதல் அடியை, அதற்குப் பிறகு பார்த்ததை, இரண்டாவது அடியை.

இரண்டாவது அடிக்கு வந்தபோது இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தினார்.

“இது வேணாமே மேடம். ஒரு அடின்னுதான் உங்க அண்ணனும் சொல்லியிருக்கார்.”

“அண்ணன் அப்படியா சொல்லுச்சு?”

“ஒரே அடிதான், அதுவும் தடுக்க வந்த இடத்துல பட்டதுன்னார்.”

செய்தித்தாள் மடிப்பிலிருந்து ஒரு சில்லு நழுவி மேசைமேல் விழுந்தது. இன்ஸ்பெக்டர் அதை விரலால் தள்ளி உள்ளே வைத்தார்.

“ரெண்டு,” என்றாள் பிளாரன்ஸ். “எழுதிக்கோங்க.”

செவ்வாய்க்கிழமை கல்லூரி ஆபீஸுக்கு டிரங்க் காலில் மஹ்மூது பேசினார். காயல்பட்டினத்துக்காரர். முதலில் அவள் உடம்பைப் பற்றியும் தம்பி கண்ணைப் பற்றியும் விசாரித்தார். பிறகு மெதுவாகத்தான் தகடுகளுக்கு வந்தார்.

“எத்தன மிச்சம்?”

“பத்தொன்பது சார். போன பதினஞ்சுக்கும் அளவு நோட்டுல இருக்கு. அதுல அஞ்சுல உள்ள விழுது.”

கம்பியில் இரைச்சல் கேட்டது. “மிச்சத்துல?”

“பாத்தவரைக்கும் எல்லாம் வெளியதான் போவுது.”

“தகடு இல்லாம அந்த அஞ்சையும் யாரும் ஏத்துக்கமாட்டாங்கம்மா. சரிபார்க்கணும்னு கேட்டா எதைக் காட்டுவ? இருக்கறத வச்சு எழுது. அதுவே நல்ல கட்டுரைதான்.”

“அந்த அஞ்சையும் நான் மூணு தடவ அளந்தேன் சார்.”

“எனக்குத் தெரியும். நீ பொய் சொல்றன்னு நான் சொல்லல.”

அன்று சாயங்காலமே, இன்னும் அளக்காமல் இருந்த பன்னிரண்டையும் அளக்க உட்கார்ந்தாள். தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். கல் விளிம்பில் ஒரு மூலை மட்டும் கறுத்திருந்தது. பட்டியலைத் தாளில் எழுதியபோது முப்பத்திநான்கு வரியும் எழுதினாள். உடைந்த பதினைந்துக்கும் நேரே, தகடு இப்போது இல்லை என்று குறித்தாள். எப்படி இல்லாமல் போனது என்று கேட்டால் அதையும் எழுதிவிடுவது என்று தீர்மானித்தாள். அது அச்சாகுமா என்பது அவள் கையில் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் தூக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அன்று காலை இன்ஸ்பெக்டர் வந்து, அவள் வாக்குமூலத்தைப் படித்து, இரண்டு பேரிடமும் தனித்தனியே கேட்டுவிட்டுப் போனதாக வாசலில் நர்ஸ் சொன்னாள். தம்பிக்காரர் ஒன்றும் பேசவில்லையாம். அண்ணன்காரர் அந்த நீச்சல் வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாராம், இடது காதுப் பக்கம்.

வார்டுக்குள் வெயில் நேராக இறங்கியிருந்தது. நோயாளிகள் பாதிப்பேர் உறங்கினார்கள். பெஞ்சில் போலீஸ்காரரின் தொப்பி மட்டும் இருந்தது. சிலுவையின் கட்டிலில் யாரும் இல்லை.

அவன் நாலு கட்டில் தாண்டி நின்றான், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வலது கை நெஞ்சோடு கட்டுண்டிருந்தது. இடது கை வளனின் கழுத்தில் இருந்தது. கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற நாலு விரலும் மறுபக்கம். வளன் மல்லாந்து படுத்திருந்தான். கட்டுப் போடாத ஒற்றைக் கண் திறந்து, அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனுடைய நல்ல கை போர்வைமேல் கிடந்தது. அவன் அதைத் தூக்கவில்லை.

பிளாரன்ஸ் தூக்கைத் தரையில் வைத்தாள். கூப்பிட வாயெடுத்தாள், கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டில்களுக்கு நடுவே நடந்தாள். ஒரு கட்டில், இரண்டு கட்டில். அந்த விரல்கள் அமுக்குகின்றனவா, வெறுமனே கிடக்கின்றனவா என்று அங்கேயிருந்தும் தெரியவில்லை. மூன்றாவது கட்டிலுக்கு வந்தபோது வளன் எச்சில் விழுங்கினான். சிலுவையின் கை அதோடு சேர்ந்து ஒரு தடவை ஏறி இறங்கியது.